எந்தப் பூகம்பத்தைக் கொண்டு சோதிப்பது?



ஒரு பழைய கான்கிரீட் கட்டடம் பூகம்பத்தைத் தாங்குமா என்று ஆராயப் புகும் பொறியாளர், அதன் தூண்களில் துளையிட்டுக் கான்கிரீட் உருளைகளை வெட்டியெடுத்து நசுக்கிப் பார்க்கிறார். பூச்சை உரித்துக் கம்பிகளை எண்ணுகிறார். ரிங் கம்பிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று அளந்து எழுதுகிறார். அஸ்திவாரத்தைத் தோண்டி அதன் ஆழத்தை அறிகிறார். இவ்வளவும் செய்து முடித்துக் கணிப்பொறியின் முன் அமர்ந்து, கட்டடத்தைக் குலுக்கிப் பார்க்க ஒரு பூகம்பம் வேண்டும் என்ற கட்டம் வருகிறபோது, மென்பொருளோடு சேர்ந்து வந்த பதிவு எதுவோ அதையே எடுத்துப் போட்டுக் குலுக்கிவிட்டு, கட்டடம் பிழைக்கும் என்றோ பிழைக்காது என்றோ தீர்ப்பு எழுதிவிடுகிறார். கான்கிரீட்டின் விஷயத்தில் காட்டிய சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவர் பூகம்பத்தின் விஷயத்தில் காட்டவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை நிர்ணயிப்பதில் கான்கிரீட்டின் வலிமைக்கு இருக்கும் பங்கைவிட, அவர் தேர்ந்தெடுத்த பதிவுக்கு இருக்கும் பங்கே பெரும்பாலும் மிகுதியாக இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைத்தான் இன்று உங்கள் முன் விரித்துரைக்க எண்ணுகிறேன்.

பூகம்பப் பதிவு என்பது என்ன என்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலம் குலுங்கும்போது அதன் முடுக்கம் கணத்துக்குக் கணம் எவ்வாறு மாறுகிறது என்பதை, கிடைமட்டமாக இரண்டு திசைகளிலும் செங்குத்தாக ஒரு திசையிலும், வினாடியின் நூற்றில் ஒரு பங்கு போன்ற நுண்ணிய இடைவெளிகளில் குறித்துவைக்கும் கருவிகள் உண்டு. அக்கருவி தரும் எண்களின் நெடிய வரிசையே பதிவு எனப்படுவது. புவியீர்ப்பின் முடுக்கத்தை அளவுகோலாகக் கொண்டு, அதில் எத்தனை பங்கு என்பதை 'ஜி' என்ற அலகில் எழுதுவது வழக்கம். பலமான குலுக்கல் இவ்வாறு முதன்முதலில் பதிவானது 1933 மார்ச் 10 அன்று கலிபோர்னியாவின் லாங் பீச் நகரத்தைத் தாக்கிய பூகம்பத்தில்தான். ஏழாண்டுகள் கழிந்து, 1940 மே 18 அன்று, அதே மாநிலத்தின் தென்கோடியில் மெக்சிகோ எல்லையை அடுத்த இம்பீரியல் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 7 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தபோது, எல் சென்ட்ரோ என்னும் ஊரின் மின் துணைநிலையத்தில் இருந்த கருவி, நிலம் பிளந்த இடத்துக்குச் சில மைல் தொலைவிலேயே இருந்தும் பழுதுபடாமல், அந்தக் குலுக்கலை முழுமையாக எழுதிக் கொடுத்தது. அதன் உச்ச முடுக்கம் சுமார் 0.35 ஜி.

அன்றைக்கு அதற்கு இணையான பதிவு உலகில் வேறில்லை. ஆகவே அது பாடநூல்களில் ஏறியது. பாடநூலில் ஏறியது பரீட்சையில் ஏறியது. பரீட்சையில் ஏறியதை மாணவர்கள் உத்தியோகத்துக்குப் போன பின்பும் மறக்கவில்லை. எல் சென்ட்ரோவையே கண்டிராத தேசங்களில், அந்தப் பள்ளத்தாக்கின் ஆழ்ந்த வண்டல் மண்ணுக்கும் தங்கள் ஊர்ப் பாறைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாத இடங்களில், அணைகளும் பாலங்களும் அடுக்குமாடிகளும் அந்த ஒரு பதிவைக் கொண்டு சோதிக்கப்பட்டன. பாவம், அந்த ஊரின் கருவி தன் கடமையைத்தான் செய்தது. அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நம் தேசத்தில் நிகழ்ந்த ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் கொய்னா நீர்த்தேக்கத்தை அடுத்துப் பூமி நடுங்கியது. அணைக்கு உள்ளேயே இருந்த கருவி பதிவு செய்த உச்ச முடுக்கம் 0.63 ஜி, எல் சென்ட்ரோவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இந்த ஓர் எண்ணை மாத்திரம் பார்ப்பவர், கொய்னாப் பதிவு எந்தக் கட்டடத்துக்கும் எல் சென்ட்ரோவைவிடக் கொடியது என்று முடிவு கட்டிவிடுவார். அது பிழையான முடிவு. கொய்னாவின் குலுக்கல் விரைவான, குறுகிய துடிப்புகளால் ஆனது. சில வினாடிகளில் தணிந்துவிட்டது. விறைப்பான அணைக்கும் தாழ்ந்த கட்டடங்களுக்கும் அது அபாயகரமானது. மெதுவாக ஆடும் இயல்புடைய உயர்ந்த கட்டடத்துக்கோ, உச்சம் குறைந்த எல் சென்ட்ரோவே கொடியது. ஊஞ்சலைத் தள்ளுகிறவர் அதன் ஆட்டத்துக்கு ஒத்த தருணத்தில் மெல்லத் தள்ளினாலும் அது உயர எழும். தருணம் தவறித் தள்ளினால் எத்தனை பலமும் வீணாகும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இப்படிச் சொந்தமான ஓர் அதிர்வுக் காலம் உண்டு. பல்வேறு அதிர்வுக் காலங்களை உடைய எளிய அமைப்புகளை ஒரே பதிவால் குலுக்கி, ஒவ்வொன்றும் அடையும் உச்சத்தை வரிசையாகக் குறித்தால் கிடைக்கும் வளைகோட்டை மறுமொழி நிறமாலை என்கிறோம். பதிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் உச்ச முடுக்கத்தை விட்டு இந்த வளைகோட்டின் வடிவத்தைப் பேசத் தொடங்கிய நாளிலிருந்துதான் இந்தச் சாஸ்திரத்துக்கு விவேகம் வந்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்த விவேகத்தை மெக்சிகோ நகரம் மிகுந்த விலை கொடுத்து உலகுக்குப் போதித்தது. 1985 செப்டம்பர் 19 அன்று பசிபிக் கரையோரத்தில் எழுந்த, 8 அளவுள்ள பூகம்பம், முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த தலைநகரத்தை அடைந்தபோது, பல்கலைக்கழகத்துப் பாறை நிலத்தில் இருந்த கருவி 0.04 ஜி அளவுக்குள் அடங்கிய நடுக்கத்தையே கண்டது. அதே நகரத்தில், பழைய ஏரிப் படுகையின் களிமண்மேல், போக்குவரத்து அமைச்சகத்தின் வளாகத்தில் இருந்த கருவியோ சுமார் 0.17 ஜி என்று எழுதியது. அதிலும், இரண்டு வினாடிக்கு ஒரு தரம் என்று தவறாத தாளத்தில், நெடுநேரம் நிலம் ஆடியதை எழுதியது. அந்தத் தாளத்தில் சிக்கிக்கொண்டவை பெரும்பாலும் ஆறு முதல் பதினைந்து மாடிவரை உயர்ந்த கட்டடங்கள். இரண்டு மாடி வீடுகள் பக்கத்திலேயே நின்றன. பூகம்பம் ஒன்றே, நகரம் ஒன்றே; ஆயினும் நிலையத்தின் அடியில் இருந்த மண் வேறாக இருந்ததால், ஒன்றையொன்று அடையாளம் காண இயலாத இரண்டு பதிவுகள் உண்டாயின.

இப்போது ஆமதாபாத்துக்கு வருகிறேன். இங்கே சற்று நிதானித்துப் பேச வேண்டும். 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை எட்டே முக்கால் மணியளவில் கட்ச் பிரதேசத்தில் 7.7 அளவுள்ள பூகம்பம் எழுந்து 13,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. அதன் மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஆமதாபாத்திலும் பல கான்கிரீட் அடுக்குமாடிகள் இடிந்து 700-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மையத்தை ஒட்டிய பகுதியில், அந்தக் குலுக்கலைக் கணத்துக்குக் கணம் எழுதிவைக்க முடுக்கமானி ஒன்றுகூட இல்லை. ஆமதாபாத்தில், பாஸ்போர்ட் அலுவலகக் கட்டடத்தில் ருர்க்கிப் பல்கலைக்கழகத்தார் வைத்திருந்த கருவி ஒன்று பதிவு செய்த உச்ச முடுக்கம் சுமார் 0.1 ஜி மாத்திரமே. இவ்வளவு சிறிய எண் எப்படி நான்கு மாடி, பத்து மாடிக் கட்டடங்களைத் தரையோடு அமர்த்திற்று?

இடிந்தவற்றில் பெரும்பான்மையின் தரைத்தளம் கார் நிறுத்துவதற்காகச் சுவரின்றி விடப்பட்டிருந்தது. நம் ஊரில் ஸ்டில்ட் என்று சொல்கிறோமே, அதேதான். மேல் மாடிகள் செங்கல் சுவர்களால் இறுகி நிற்க, ஆட்டம் முழுவதையும் கீழ்த்தளத்துத் தூண்கள் தனித்துச் சுமந்தன. அத்தூண்கள் சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டு அறையின் அழகைக் கெடுத்துவிடக் கூடாதென்று ஒன்பது அங்குல அகலத்திலேயே பல இடங்களில் வார்க்கப்பட்டிருந்தன. ரிங் கம்பிகள் மெலிந்தும் இடைவெளி விட்டும் கட்டப்பட்டு, அவற்றின் முனைகள் தூணின் உட்புறத்தை நோக்கி நன்றாக மடித்துப் பதிக்கப்படாமல் செங்கோணத்தோடு நிறுத்தப்பட்டிருந்தபடியால், மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்த கணத்திலேயே ரிங் விரிந்து திறந்துகொண்டது. நெடுங்கம்பிகள் வெளிப்பக்கமாக வளைந்தன. மேலிருந்த மாடிகள் அப்படியே கீழே உட்கார்ந்தன. இவற்றோடு சபர்மதியின் வண்டல் மண்ணும், வெகுதூரம் பயணம் செய்து வந்ததால் விரைவான துடிப்புகளை வழியிலேயே இழந்து மெதுவான அலைகளை மிகுதியாகக் கொண்டிருந்த குலுக்கலும் சேர்ந்துகொண்டன.

இத்தகைய கட்டடத்தைச் சோதிக்க, பிளவுக்கு அருகில் பதிவான, 0.6 ஜி அல்லது 0.8 ஜி உச்சமுள்ள, சில வினாடிகளில் முடிந்துபோகும் பதிவைத் தேர்ந்தெடுப்பவர், தாம் கடுமையான சோதனை நடத்துவதாக நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் அவர் அந்தக் கட்டடத்துக்கு நேரவே நேராத ஒரு சம்பவத்தைக் கொண்டு அதைச் சோதிக்கிறார். ஆமதாபாத்துக்குப் பொருத்தமான பதிவைத் தேடுகிறவர், பெரிய அளவுள்ள பூகம்பம், இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தூரம், ஆழ்ந்த வண்டல் மண், நெடிய நேரம் என்ற நான்கு குணங்களோடு உலகத்தின் பதிவுக் களஞ்சியங்களில் தேட வேண்டும்.

களஞ்சியங்கள் என்று சொன்னேன். அவற்றில் இன்று பஞ்சமில்லை. கலிபோர்னியாவின் பசிபிக் பூகம்பப் பொறியியல் ஆய்வு மையம் தொகுத்தளித்துள்ள ஒரு தொகுப்பில் மட்டும் 21,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன; 1999 செப்டம்பர் 21 அன்று தைவானில் நிகழ்ந்த சி-சி பூகம்பம் ஒன்றே பல நூறு பதிவுகளை வழங்கிற்று. பஞ்ச காலத்தில் கிடைத்ததை உண்டவர்களுக்கு, விருந்தில் எதை உண்பது என்று தெரியாமற்போனது இக்காலத்தின் விசேஷம். தேர்வு எங்கே தொடங்க வேண்டும் என்றால், களஞ்சியத்தில் அன்று, கட்டடம் நிற்கும் ஸ்தலத்தில் தொடங்க வேண்டும். அந்த இடத்தை எந்தெந்தப் பிளவுகள் அச்சுறுத்துகின்றன, எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற நிகழ்தகவுக் கணக்கை 1968-இல் கார்னெல் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்துக் கொடுத்தார். அக்கணக்கின் விடையாக, ஐம்பது ஆண்டுகளில் பத்து சதவீத வாய்ப்போடு, அதாவது சராசரியாக 475 ஆண்டுக்கு ஒருமுறை மிஞ்சப்படும் குலுக்கல் ஒவ்வோர் அதிர்வுக் காலத்துக்கும் எவ்வளவு என்ற ஒரு நிறமாலை கிடைக்கிறது.

இதில் ஒரு நுட்பமான பிசகு ஒளிந்திருக்கிறது. தில்லியை எண்ணிப் பாருங்கள். குறுகிய அதிர்வுக் காலமுள்ள தாழ்ந்த வீடுகளுக்கு அருகாமையில் எழும் மிதமான பூகம்பமே பெரிய ஆபத்து. உயர்ந்த மாளிகைகளுக்கோ, இமயத்தின் அடிவாரத்தில் எப்போதாவது எழக்கூடிய மகா பூகம்பம் ஆபத்து. கணக்கு தரும் நிறமாலை இவ்விரண்டையும் ஒரே கோட்டில் ஒட்டவைத்துக் காட்டுகிறது. அந்தக் கோடு முழுவதையும் ஏககாலத்தில் நிரப்பும் பூகம்பம் இயற்கையில் இல்லை; அதற்கு ஒத்த பதிவைத் தேடுகிறவர், இரண்டு பூகம்பங்களும் ஒரே நிமிஷத்தில் வந்தால் என்னாகும் என்று கேட்கிறார். இக்குறையை நீக்கவே கார்னெலும் அவர் மாணவரான ஜாக் பேக்கரும், நம் கட்டடத்தின் அதிர்வுக் காலத்தில் குலுக்கல் இவ்வளவு என்று நிபந்தனை விதித்துவிட்டு, அந்த நிபந்தனைக்கு உட்பட்டு மற்ற அதிர்வுக் காலங்களில் எதிர்பார்க்கத் தக்க சராசரி என்ன என்று கணித்து ஒரு நிறமாலையை வகுக்கும் முறையைத் தந்தார்கள். அந்த நிறமாலையின் வடிவத்துக்கு ஒத்த பதிவுகளைப் பொறுக்குவதே இன்று நேர்மையான வழி என்று கருதுகிறேன்.

ஆனால் அதிர்வுக் காலம் என்று ஒன்றைச் சொல்லும்போதே கான்கிரீட் நம்மை ஏமாற்றிவிடுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸின் வான் நைஸ் பகுதியில் 1966-இல் எழுப்பிய ஏழு மாடிக் கான்கிரீட் ஹோட்டல் ஒன்று இத்துறையாருக்கு நன்றாகப் பழக்கமானது. கருவிகள் பொருத்தப்பட்டிருந்தபடியால் அதன் ஒவ்வோர் ஆட்டமும் பதிவாயிற்று. புதிதாக இருந்தபோது மெல்லிய அசைவுகளில் அதன் அதிர்வுக் காலம் சுமார் அரை வினாடி. 1971-ஆம் ஆண்டு சான் பெர்னாண்டோ பூகம்பத்தில் விரிசல் கண்டு நெகிழ்ந்து, ஆட்டத்தின் நடுவே ஏறத்தாழ ஒன்றரை வினாடிக்கு நீண்டது. 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் பூகம்பத்தில் இரண்டு வினாடியை எட்டியது. அன்று நான்காம் மாடியின் தென்புறத் தூண்கள், ஐந்தாம் தளத்துக்குச் சற்றுக் கீழே, குறுக்கே வெட்டியதுபோல் பிளந்தன. கட்டடம் விழவில்லை என்பது அதிர்ஷ்டம். அரை வினாடி என்று எண்ணி அந்த ஒரு புள்ளியில் மாத்திரம் பொருந்தும் பதிவுகளைத் தேர்ந்தெடுத்திருந்தால், கட்டடம் உண்மையில் பயணம் செய்து போய்ச் சேர்ந்த இடத்தில் அப்பதிவுகளிடம் என்ன பலம் இருந்தது என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். விரிசல் காணக் காணக் கான்கிரீட் நெகிழும். ஆகவே முதல் அதிர்வுக் காலத்துக்கு அப்பால் ஒன்றரை மடங்கு, இரு மடங்குவரை வடிவம் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவசியம். குலுக்கலின் நேர நீட்சியும் இங்கே முக்கியமானது. ஒவ்வொரு முன்பின் ஆட்டத்திலும் கான்கிரீட் தன் பலத்தில் சிறிது இழந்துகொண்டே போகிறது; பத்து வினாடி நீடிக்கும் பதிவில் பிழைக்கும் தூண், 2011-இல் ஜப்பானின் வடகிழக்கில் நிமிஷக் கணக்கில் நீடித்ததைப் போன்ற ஆட்டத்தில் பிழைக்கும் என்று சொல்வதற்கில்லை.

பொருத்தமான வடிவம் கிடைத்தும் வலிமை போதாதபோது, பதிவின் எண்களை எல்லாம் இரண்டாலோ மூன்றாலோ பெருக்கிக்கொள்வது நடைமுறை. அளவோடு செய்தால் அதில் தீங்கில்லை. 5 அளவுள்ள பூகம்பத்தின் பதிவைப் பத்தால் பெருக்கி 7.5 ஆக்கிவிட்டேன் என்பவரை மாத்திரம் நம்பாதீர்கள்; பெரிய பூகம்பத்தின் நீண்ட நேரமும் மெதுவான அலைகளும் பெருக்கலால் பிறப்பதில்லை. இன்னொரு சாரார், பதிவைச் செயற்கையாகத் திருத்தி, விதிநூல் தரும் நிறமாலையோடு ஒரு மயிரிழையும் பிசகாமல் ஒட்டவைத்துவிடுகிறார்கள். அதனால் விடைகளின் சிதறல் குறைந்து வரைபடம் அழகாக அமைகிறது. எனினும் சிதறலே இயற்கையின் குணமாக இருக்கும்போது, அதைத் துடைத்தெறிந்த அறிக்கை கட்டட உரிமையாளருக்கு இல்லாத தைரியத்தைக் கொடுக்கிறது.

எத்தனை பதிவுகள் வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். மூன்று பதிவுகளானால் அவற்றில் மிகக் கொடிய விடையை எடுத்துக்கொள், ஏழானால் சராசரியை எடுத்துக்கொள் என்பது ஐரோப்பிய, அமெரிக்க விதிநூல்கள் நெடுங்காலம் வைத்திருந்த சம்பிரதாயம். 2016-ஆம் ஆண்டு அமெரிக்க விதி அதைப் பதினொன்றாக உயர்த்திற்று. புதிய கட்டடத்தை வடிவமைக்க அவை போதும். இவ்வளவு குலுக்கலுக்கு இடிந்து விழும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்ற பாதிப்பு வளைகோடு வரைய வேண்டுமானால் இன்னும் அதிகம் வேண்டும். 2009-இல் வெளியான பீமா பி-695 என்ற அமெரிக்க ஆவணம், ஒரே பூகம்பத்திலிருந்து இரண்டுக்கு மேல் எடுக்காமல், 22 இணைப் பதிவுகளை இதற்கென்று தொகுத்தது. நன்றாக ஆலோசித்துச் செய்த தொகுப்பு என்பதில் ஐயமில்லை. அதனாலேயே உலகமெங்கும் பலர் அதை யோசியாமல் எடுத்தாள்கிறார்கள். அந்த 22-இல் இந்தியப் பூமியில் பதிவானது ஒன்றுகூட இல்லை. உத்தரகாசியில் 1991-இல் 0.31 ஜி, கோபேஷ்வரில் 1999-இல் 0.36 ஜி என்று இமயத்தில் நமக்குச் சொந்தமான பதிவுகள் இருக்கின்றன. தீபகற்பத்தின் பழம்பாறைப் பிரதேசத்திலோ பலமான பதிவுகள் மிக அரிது. எனவே எல் சென்ட்ரோவை விட்டு 22 எல் சென்ட்ரோக்களைப் பிடித்துக்கொண்ட கதையாக இது முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதற்கும் மிகக் கொடிய பதிவையே எடுத்துக்கொண்டால் ஜாக்கிரதைதானே என்பார்கள். 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவுள்ள பூகம்பம் காட்மாண்டுவின் அடியிலேயே முறிந்து சென்றும், நகர மத்தியில் பதிவான உச்சம் சுமார் 0.16 ஜி தான். அதன் பலம் நான்கைந்து வினாடி அதிர்வுக் காலத்தில் குவிந்திருந்தது. எது கொடியது என்பது கட்டடத்தைக் கேட்காமல் சொல்லக்கூடியது அன்று. மேலும், எல்லாக் கட்டடமும் இடியும் என்று சொல்லும் அறிக்கையை வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் பணத்தில் எதை முதலில் பலப்படுத்துவது என்று எந்த நகராட்சியும் தீர்மானிக்க முடியாது.

சென்னையில் இதைக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்நகரம் 2002-ஆம் ஆண்டு இந்தியத் தரநூலின் திருத்தத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முந்திய வடிவமைப்பில் எழுந்த ஸ்டில்ட் அடுக்குமாடிகள் இங்கே தெருவுக்குத் தெரு நிற்கின்றன. குடியிருப்போர் சங்கங்கள் சில பொறியாளரை அழைத்துத் தங்கள் கட்டடத்தை ஆராயச் சொல்லவும் தொடங்கலாம். அவ்வாறு அறிக்கை வாங்கும்போது, அதில் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்: எந்தெந்தப் பூகம்பப் பதிவுகள், எந்த நிலையத்தில் எந்த மண்ணின்மேல் பதிவானவை, எத்தனையால் பெருக்கப்பட்டன, பார்த்துவிட்டுத் தள்ளியவை எவை, ஏன் தள்ளினார்கள். பொறியியல் தெரியாதவரும் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய பக்கம் அது. அந்தப் பக்கம் இல்லாத அறிக்கைக்குக் கட்டணம் கொடுக்காதீர்கள்.